வான்கோழியை முதலில் வெட்டுங்கள்

வான்கோழிக் கறி சப்பென்று இருக்கும், காய்ந்துபோய் இருக்கும், அட்டையை மெல்லுவது போல இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய தமிழர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தவறாமல் சொல்லும் வசனங்கள் இவை. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு யாராவது கூப்பிட்டால் போய்விட்டு வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொல்வது. சொல்லிவிட்டு வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிடுவது.

இந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளி தப்பான ஆள். பறவையின் மேல் எந்தத் தப்பும் கிடையாது. அதை முழுசாகத்தான் சமைக்க வேண்டும், முழுசாகத்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதம்தான் அதைக் கெடுக்கிறது. அந்தப் பிடிவாதம் சமையல் தெரிந்தவர்களிடமிருந்து வந்ததில்லை, ஒரு படத்திலிருந்து வந்தது. அந்தப் பண்டிகைக்குச் சொல்லப்படும் கதையும் அப்படித்தான்: பார்க்க லட்சணமான ஒரு முழுப் படம், உள்ளே வேகாத கறி. இரண்டையும் முதலில் வெட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம். பண்டிகையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை வேறு மாதிரி சமைக்கலாம் என்கிறேன்.

முதலில் அடுப்புக் கணக்கு.

பறவையின் உடம்பில் இரண்டு வகைக் கறி உண்டு. நெஞ்சுக் கறி வெள்ளை. கொழுப்பு குறைவு, கெட்டியான இணைப்புத் திசுவும் குறைவு. உள்வெப்பம் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஏற ஏற அது சாற்றை இழந்துகொண்டே போகும். தொடைக் கறி கறுப்பு. நாளெல்லாம் நின்று நடந்து உழைத்த தசை. அதில் கொலாஜன் நிறைய. அது இளகி மெத்தென்று ஆக 175 டிகிரி வரையாவது போக வேண்டும். அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்புக்காகச் சொல்லும் எண் 165. நெஞ்சு 165ஐத் தொட்டதும் நிறுத்தினால் தொடை ரப்பராக இருக்கும். தொடை இளகும்வரை பொறுத்தால் நெஞ்சு மரத்தூள் ஆகிவிடும்.

வடிவமும் நமக்கு எதிரி. முழுப் பறவையைத் தட்டில் வைத்தால் சீக்கிரம் வேகிற நெஞ்சு மேலே துருத்திக்கொண்டு சூட்டை நேராக வாங்குகிறது. மெதுவாக வேகவேண்டிய தொடையோ கீழே, உடம்போடு ஒட்டி, சூடு எட்டாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது. என் தொழில் மொழியில் சொன்னால், இரண்டு வேறு தேவைகள் உள்ள இரண்டு வேலைகளை ஒரே கான்ஃபிகரேஷனில், அதுவும் தலைகீழான முன்னுரிமையில் ஓட்டுகிறோம். ஏதோ ஒன்று ஃபெயில் ஆகத்தான் செய்யும். எது ஃபெயில் ஆகலாம் என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

ஈரத் துணி போர்த்துவது, அரைமணிக்கு ஒருதரம் வெண்ணெய் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் வாளியில் முக்குவது, அலுமினியத் தாளால் நெஞ்சுக்கு மட்டும் குல்லா போடுவது என்று நூறு உபாயங்கள் இருக்கின்றன. எல்லாமே ஒட்டுப்போடுகிற வேலை. வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981இலிருந்து, வான்கோழி சமைப்பவர்கள் சந்தேகம் கேட்பதற்கென்றே ஒரு தொலைபேசிச் சேவை நடத்துகிறது. நல்ல சேவைதான். ஆனால் ஒரு பண்டத்தைச் சமைக்க நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கஸ்டமர் சப்போர்ட் தேவைப்படுகிறது என்றால், பயனர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று எந்த இன்ஜினியரும் சொல்ல மாட்டான். டிசைனைப் பார் என்பான்.

தீர்வு ரொம்ப எளிது. வெட்டுங்கள். முதுகெலும்பைக் கத்தரியால் எடுத்துவிட்டுப் பறவையைப் புத்தகம் மாதிரி விரித்துப் போட்டால் தொடையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், தொடைக்கும் சூடு எட்டும். 15 பவுண்டு முழுப் பறவை 325 டிகிரியில் நாலு மணிநேரம் வரை அடுப்பைப் பிடித்துக்கொள்ளும். விரித்துப் போட்ட 12 பவுண்டுப் பறவை 425, 450 டிகிரிச் சூட்டில் சுமார் ஒன்றரை மணிநேரத்தில் முடிந்துவிடும். இன்னும் நல்லது, தொடையைத் தனியாக எடுத்து மூடிபோட்டு மெதுவாக வேகவிட்டு, நெஞ்சை மட்டும் பக்குவம் பார்த்து இறக்குவது. எடுத்த முதுகெலும்பும் கழுத்தும் கொதித்துச் சாறாகும்.

இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நம் ஊர்க் கறிக்கடையில் பறவையை வெட்டித் தருவதுதான் இயல்பு. தொடை எந்தக் குழம்புக்கு, எலும்பு எந்த ரசத்துக்கு, ஈரல் எந்தக் குழந்தைக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சமையல் நம்முடையது. அந்தக் கைதான் இங்கே வந்ததும் ஒரு முழுப் பறவைக்கு முன்னால் பயபக்தியோடு கைகட்டி நிற்கிறது. ஏன் வெட்டவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "வெட்டினா பாக்க நல்லா இருக்காதே."

யார் பார்க்க?

நார்மன் ராக்வெல் வரைந்த ஒரு ஓவியம் 1943 மார்ச் 6 அன்று 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' பத்திரிகையில் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் 1941 ஜனவரியில் பேசிய நான்கு சுதந்திரங்களில் ஒன்றான வறுமையிலிருந்து விடுதலை என்பதற்கு ராக்வெல் கொடுத்த உருவம் அது. வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. சுற்றிலும் சிரித்த முகங்கள். ஏப்ரன் கட்டிய பாட்டி பெரிய தட்டில் பொன்னிறமான முழு வான்கோழியை இறக்குகிறார். பின்னால் கோட்டு சூட்டில் தாத்தா. நீங்கள் எந்த அமெரிக்கச் சினிமாவில், எந்த விளம்பரத்தில் தேங்க்ஸ்கிவிங் மேசையைப் பார்த்திருந்தாலும் இந்தப் படத்தின் பேரனைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஏறக்குறைய யாருமே பாட்டியைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் நம்மைப் பார்க்கிறார். இன்னொரு விஷயம், பாட்டியாக நின்றவர் ராக்வெல் வீட்டுச் சமையல்காரப் பெண்மணி. 1942 தேங்க்ஸ்கிவிங் அன்று அவர் சமைத்த வான்கோழியைத்தான் ராக்வெல் வரைந்தார், பிறகு வீட்டார் அதைச் சாப்பிட்டார்கள். ஆக, அமெரிக்கா முழுக்கக் குடும்பப் பாசத்தின் சின்னமாகிவிட்ட அந்தப் பாட்டி, சம்பளத்துக்குச் சமைத்தவர். ராக்வெல்லைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. போர்க் காலத்தில் ஒரு நாட்டுக்குத் தைரியம் சொல்ல வரைந்த படம் அது, அந்த வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் அது வெட்டுவதற்கு முந்தைய நொடியின் படம். சாப்பாடு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நாம் அந்த ஒரு நொடிக்காக மொத்தச் சாப்பாட்டையும் பலிகொடுக்கிறோம்.

பறவையே மாறிப்போனது. இன்று கடையில் கிடைக்கும் வான்கோழிகளில் மிகப் பெரும்பாலானவை அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை இனம். வெள்ளைக் கறி ஆசைக்காக நெஞ்சைப் பெருக்கிப் பெருக்கி, அந்த இனத்தால் இயற்கையாக இணை சேரவே முடியாத நிலை வந்துவிட்டது. செயற்கைக் கருவூட்டல்தான். 1930களில் அமெரிக்க வேளாண் துறை மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில், சின்னக் குடும்பத்துக்கும் சின்ன அடுப்புக்கும் ஏற்ற ஒரு சிறிய வெள்ளை வான்கோழியை உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. நல்ல யோசனை. கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. கடைசியில் பெரிய நெஞ்சுதான் ஜெயித்தது.

இப்போது கதைக்கு வருகிறேன். அதுவும் இதே மாதிரி முழுசாகப் பரிமாறப்படுவது.

நண்பர் ஒருவரின் மகள், ஒன்றாம் வகுப்பு. போன நவம்பரில் பள்ளியிலிருந்து தலையில் காகித இறகுப் பட்டையோடு வந்தாள். கப்பலில் வந்த பில்கிரிம்கள் பசியில் இருந்தார்களாம், இந்தியர்கள் சோளமும் கறியும் கொண்டுவந்து கொடுத்தார்களாம், எல்லாரும் நண்பர்களாகிச் சேர்ந்து சாப்பிட்டார்களாம். அவள் கேட்டாள்: "அப்பா, நாமளும் இந்தியன்தானே? அப்போ நாமதான் சாப்பாடு கொடுத்தோமா?" நண்பர் விழுந்து விழுந்து சிரித்து ஒரு போட்டோ எடுத்தார். குழு முழுக்கச் சிரிப்பு எமோஜி. கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இதுதான். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தில் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் 1621இல் அறுவடை முடிந்து ஒரு விருந்து வைத்தார்கள். அதைப் பற்றி அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. நாலு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் சுமார் தொண்ணூறு ஆட்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து, அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள். கடிதத்தில் வான்கோழி என்ற சொல்லே இல்லை. நன்றி நாள் என்றும் அவர் அதைச் சொல்லவில்லை.

விருந்து நடந்த இடத்துக்கு முன்பு வேறு பெயர். படுக்செட். வாம்பனோவாக் மக்களின் ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில், ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் அந்த ஊரே காலியானது. பில்கிரிம்கள் வீடு கட்டியது அந்த ஊரின் மேல். அவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவான்டம் அந்த ஊர்க்காரர். 1614இல் ஆங்கிலேயர் ஒருவர் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றார். எப்படியோ இங்கிலாந்து போய், இங்கிலீஷ் கற்று, 1619இல் ஊர் திரும்பினால் ஊரில் ஒருவரும் இல்லை. பள்ளிப் பாடத்தில் அவர் சிரித்த முகத்தோடு சோளம் நடுகிறார். அவர் ஏன் இங்கிலீஷ் பேசினார் என்று மட்டும் எந்தக் குழந்தையும் கேட்டுவிடக் கூடாது.

அப்புறம்? மாசசாய்டின் மகன் மெட்டாகாம், ஆங்கிலேயர் வைத்த பெயரில் கிங் ஃபிலிப், 1675இல் குடியேறிகளோடு போரில் இறங்கினார். 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்துக்கு வந்து சேர்ந்தது அங்கே ஒரு நன்றி நாள் அனுசரித்துக்கொண்டிருந்தபோது. அந்தத் தலை கம்பத்தில் ஏற்றப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அப்பா வந்து விருந்து சாப்பிட்ட அதே ஊர்.

இந்த 1621 விருந்துக்கு முதல் தேங்க்ஸ்கிவிங் என்ற பட்டம் எப்போது வந்தது தெரியுமா? 220 வருஷம் கழித்து. 1841இல் அலெக்சாண்டர் யங் என்பவர் அந்தப் பழைய கடிதத்தைப் பதிப்பித்தபோது அடிக்குறிப்பில் அப்படிச் சொன்னார். அடிக்குறிப்பு மெல்ல மெல்ல மெயின் டெக்ஸ்ட் ஆனது. 1914இல் ஜென்னி பிரவுன்ஸ்கூம் வரைந்த ஓவியத்தில் வாம்பனோவாக் மக்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி மேற்குச் சமவெளியில் வாழ்ந்தவர்களின் இறகுக் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியின் காகிதப் பட்டை இந்த மாதிரிப் படங்களின் வாரிசு.

இதைச் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தரப்பு வாட்ஸாப் குழுவில் இருக்கிறது. "அது அவங்க சரித்திரம், நமக்கெதுக்கு? டர்க்கி வேஸ்ட். பிரியாணி ட்ரே சொல்லிடலாம்." பிரியாணி மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அவங்க சரித்திரம் என்ற வார்த்தை செல்லாது. குடியுரிமைத் தேர்வுக்கு 2008இல் வந்த 100 கேள்விப் பட்டியலை நம்மில் எத்தனை பேர் உருப்போட்டோம்? ஐரோப்பியர் வருவதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்வி அதில் உண்டு. இரண்டு தேசிய விடுமுறைகளைச் சொல் என்ற கேள்வியும் உண்டு. பதில் சொல்லிப் பாஸ் பண்ணி, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம். வீடு வாங்கினோம். அந்த வீடு நிற்கும் மண்ணுக்கும் ஒரு பழைய பெயர் இருந்திருக்கும். நாலு நாள் லீவு மட்டும் நமது, அதன் காரணம் அவர்களுடையது என்று பிரிப்பது ரொம்ப வசதியான கணக்கு.

இரண்டாம் தரப்பு இன்னும் கோபமானது, இளையது, பெரும்பாலும் என் வாசகர்கள்தான். "இது இனப்படுகொலைப் பண்டிகை. கொண்டாடவே கூடாது." இந்தக் கோபம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. ஆனால் இவர்களும் பில்கிரிம் கதையை அப்படியே நம்பிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. பண்டிகையின் அஸ்திவாரம் அந்தக் கதைதான் என்று நினைப்பதால்தான் கதை விழுந்ததும் பண்டிகையும் விழ வேண்டும் என்கிறார்கள்.

இப்போதிருக்கும் பண்டிகையை உருவாக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியை. சாரா ஜோசஃபா ஹேல். 1827இல் எழுதிய நாவலிலேயே தேங்க்ஸ்கிவிங் மேசையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழியை உட்காரவைத்தவர். நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1863 செப்டம்பரில் லிங்கனுக்கு எழுதினார், அக்டோபர் 3 அன்று பிரகடனம் வந்தது. கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பிரகடனத்தில் பில்கிரிம்கள் இல்லை. பிளிமத் இல்லை. 1621 இல்லை. விளைச்சலுக்கு நன்றி இருக்கிறது, விதவைகளும் அநாதைகளும் துக்கத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், நாடு செய்த தவறுகளுக்காக மனம் வருந்தச் சொல்லும் வரி இருக்கிறது. பில்கிரிம் கதை இந்த வீட்டின் தூண் கிடையாது. பிற்பாடு ஒட்டிய வால்பேப்பர். கிழித்தால் வீடு விழாது.

அதற்காக லிங்கனையும் முழுசாகப் பரிமாறிவிடாதீர்கள். பிரகடனத்துக்குச் சுமார் ஒன்பது மாதம் முன்பு, 1862 டிசம்பர் 26 அன்று, மினசோட்டாவின் மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். 303 பேரின் மரண தண்டனைப் பட்டியல் லிங்கனிடம் போனது. பெரும்பாலானவர்களின் தண்டனையைக் குறைத்தார். மிஞ்சியவர்களின் மரணத்துக்குக் கையெழுத்து அவருடையதுதான். இரண்டும் ஒரே கை.

துக்கம் அனுசரிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வழியும் இருக்கிறது. 1970இல் பில்கிரிம்கள் வந்திறங்கிய 350ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவரைக் கூப்பிட்டார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, இதைப் பேச முடியாது என்றார்கள். அவர் திருத்தப்பட்ட பேச்சைப் பேச மறுத்தார். அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தின் கோல்ஸ் ஹில்லில் தேசிய துக்க நாள் தொடங்கியது. இன்றுவரை நடக்கிறது. அவர்கள் அந்த நாளைப் புறக்கணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே நாளில், அதே ஊரில், கதையின் வெட்டப்படாத பாகத்தை வெட்டி வைக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த மேசையில் பொய் சொல்லாதது சாப்பாடு மட்டும்தான். வான்கோழியை முதலில் வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடிகள். மக்காச்சோளமும் பூசணியும் இந்தக் கண்டத்து மக்களின் பயிர்கள். கிரான்பெர்ரியும் அவர்கள் சாப்பிட்டு வந்த பழம். ஐரோப்பாக்காரனுக்குப் பறவை எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. ஆங்கிலத்தில் துருக்கி என்றான். துருக்கியில் அதை ஹிந்தி என்கிறார்கள், பிரெஞ்சில் இந்தியப் பறவை. டச்சுக்காரன் கால்கூன் என்றான், அதாவது நம் கோழிக்கோட்டுக் கோழி. உலகமே தப்பான விலாசம் எழுதிய பறவை அது. சொந்த விலாசத்தை ஞாபகப்படுத்த அதைச் சமைப்பதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பறவையைப் புறக்கணித்து பர்கர் சாப்பிடுவதால் வாம்பனோவாக் மக்களுக்கு என்ன கிடைக்கும்?

கடைசியாக, சமைப்பது யார் என்ற விஷயம். முழுப் பறவைக்கு ஒரே ஒரு சமையல்காரர்தான் இருக்க முடியும். விடிகாலை எழுந்து, மணிக்கணக்கில் அடுப்பைக் காவல் காப்பவர். பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண். கடைசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண் எழுந்து வந்து, பெரிய கத்தியோடு நின்று, கைத்தட்டு வாங்கிக்கொண்டு வெட்டுவார். ராக்வெல் படத்தில் தாத்தாவின் பக்கம் கத்தி தயாராகக் கிடக்கிறது. வெட்டிய பறவையில் இந்த நாடகத்துக்கு இடமே இல்லை. ஒருவர் தொடையை எடுத்துப் போகலாம், ஒருவர் எலும்புச் சாறு வைக்கலாம், ஒருவர் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளலாம். வேலையும் துண்டுபோடப்பட்டு மூன்று வீட்டுக்குப் போகும்.

ஆகவே இந்த நவம்பரில்: உறைந்த பறவையை ஞாயிற்றுக்கிழமையே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம் உருக நேரம் வேண்டும். புதன் ராத்திரி வெட்டுங்கள், ஆம்பளைங்களும் கத்தரி பிடிங்க. உப்பும் மிளகும் தடவி மூடாமல் விட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள் போடணும்னா போட்டுக்குங்க, யார் கேக்கப் போறா. முதுகெலும்பைக் கொதிக்க விடுங்கள். அது கொதிக்கிற நேரத்தில், இறகுப் பட்டையோடு வந்த குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, படுக்செட் என்று ஒரு ஊர் இருந்தது என்று ஆரம்பியுங்கள். அடுத்து என்ன ஆச்சு என்று அது கேட்கும். பதிலைச் சொல்லுங்கள்.

வியாழன் மேசைக்கு வரும் தட்டு போட்டோவுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. பரவாயில்லை, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.